சர்தார் வீட்டுக் கல்யாணமும் மாமாவின் கேள்விகளும்

“சர்தாருங்க எல்லாம் நம்மாளுங்கதான் மாப்ளே. தாடி வெச்ச இந்துக்க, அவ்வளவுதான்.” இது என் மாமாவின் நெடுநாள் கட்சி. திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிற பலருக்கும் இதே எண்ணம்தான். லூதியானாவோடு எங்கள் ஊருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. இங்கே பருத்தி, அங்கே கம்பளியும் அக்ரிலிக்கும். அந்தப் பழக்கத்தில் ஒரு சீக்கியக் குடும்பம் எனக்கு நெருக்கம். குடும்பத் தலைவரை நான் பாஜி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகளுக்குப் போன குளிர்காலத்தில் கல்யாணம். நானும் வருகிறேன் என்று மாமா ஸ்வெட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சீக்கியம் தனி மதமா, இல்லை இந்து மதத்தில் ஒரு பிரிவா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனி மதம்தான். கடவுள் எத்தனை, வேதம் எது, மறுபிறவி உண்டா என்று தத்துவத்தில் தேடினால் இதற்கு முடிவே வராது. என்னைப் போன்ற ஆளுக்குக் கேள்வி எளிது. குழந்தை பிறந்தால் பெயர் எங்கிருந்து வருகிறது, கல்யாணத்தில் எதைச் சுற்றி வருகிறார்கள், செத்தால் சாம்பல் எங்கே போகிறது?

கல்யாணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் நான் கிட்டத்தில் பார்த்தது.

காலையிலேயே குருத்வாராவுக்குப் போய்விட்டோம். முகூர்த்த நேரம் என்று ஒன்று கிடையாது. ஜாதகம் பார்த்து நாள் குறிக்கக் கூடாது என்று அவர்களுடைய நடைமுறை விதிகளிலேயே எழுதியிருக்கிறது. வாசலில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கினோம். தலையை மூடாமல் உள்ளே போகக் கூடாது என்பதால் கூடையிலிருந்து ஆளுக்கொரு காவித் துணி எடுத்துக் கட்டிக்கொண்டோம். மாமாவின் வழுக்கையில் அது நிற்கவே இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கேட்காமலே எழுந்து வந்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனான்.

கூடத்தின் கோடியில், விதானத்துக்குக் கீழே, அவர்களுடைய புனித நூலான குரு கிரந்த் சாகிப். துணியைப் பார்த்தால் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்ன என்று கை பரபரக்கிற புத்தி எனக்கு. புத்தகத்தின் மேல் போர்த்தும் ருமாலா கனமான சாட்டின், ஓரம் சுற்றி ஜரிகை, உள்ளே லைனிங் கொடுத்துத் தைத்தது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து வெண்சாமரம் வீசிக்கொண்டே இருக்கிறார். ராஜாவுக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் அந்தப் புத்தகத்துக்கு. விடியற்காலையில் அதைத் திறந்து வைக்கவும், ராத்திரி மூடித் தலையில் சுமந்துகொண்டு போய்த் தனி அறையில் கட்டிலில் வைக்கவும் முறை இருக்கிறது. குளிர்காலத்தில் போர்வை, கோடையில் விசிறியோ ஏசியோ. 1430 பக்கம். 1708இல் நாந்தேடில் பத்தாவது குரு கோபிந்த் சிங், எனக்குப் பிறகு மனிதர் யாரும் குரு இல்லை, இந்தக் கிரந்தம்தான் குரு என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் உச்ச நீதிமன்றம்கூட 2000ஆம் ஆண்டில் ஒரு சொத்து வழக்கில், குரு கிரந்த் சாகிப் சட்டத்தின் கண்ணில் ஒரு ‘நபர்’, அதன் பெயரில் சொத்து இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நம் கோவில் சுவாமி பெயரில் நிலம் இருக்கிறதே, அந்த வகை.

பெண்ணின் அப்பா எழுந்து, மாப்பிள்ளையின் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை மகள் கையில் கொடுத்தார். கிரந்தத்தைப் படிக்கிறவரான கிரந்தி ஒரு பாட்டை வாசித்தார். ஓரத்தில் ஹார்மோனியம், தபலாவோடு இருந்தவர்கள் அதையே பாட, இருவரும் புத்தகத்தை வலமாகச் சுற்றி வந்து நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். இப்படி நான்கு தடவை. லாவான் என்கிற அந்த நான்கு பாட்டும் நான்காவது குரு ராம்தாஸ் எழுதியவை. அவர்தான் அமிர்தசரஸ் ஊரை உண்டாக்கியவர். அவ்வளவுதான் கல்யாணம்.

மாமா என் காதில், “அக்னி எங்கே மாப்ளே?”

“கிடையாதுங்க மாமா.”

“ஐயரு?”

“படிச்சாரே, அவர் கிரந்தி. ஐயர்னு யாரும் இல்லைங்க.”

“தாலி?”

“அதுவும் இல்லைங்க.”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உங்கப்பன் கல்யாணம் மாதிரி இருக்குது” என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, சட்டப்படி பார்த்தால் ரொம்பச் சரி. என் அப்பா அம்மாவுக்கு 1965இல் சுயமரியாதைத் திருமணம். மாமாதான் அன்றைக்கு மாலை எடுத்துக் கொடுத்த பொடியன். அப்போது அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. 1950களில் ஒரு வழக்கில், சடங்கு இல்லாத இந்தத் திருமணம் இந்துத் திருமணம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருந்தது. 1967இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவையும் செல்லும் என்று சரிசெய்தார்.

சீக்கியர்களுக்கும் இதே தலைவலி இருந்தது, அதுவும் அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பாக. அக்னி இல்லை, பிராமணர் இல்லை, அப்படியானால் கல்யாணம் செல்லுமா, பிள்ளைகளுக்குச் சொத்து உண்டா என்று கேள்வி வந்தது. நாபா சமஸ்தானத்து இளவரசர் ரிபுதமன் சிங் வைஸ்ராய் சபையில் மசோதா கொண்டுவந்தார். 1909இல் ஆனந்த் திருமணச் சட்டம் நிறைவேறியது. அதிலும், இனி நடப்பது மட்டுமல்ல, ஏற்கெனவே நடந்ததும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றுதான் வாசகம்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், அண்ணாவின் திருத்தம் “இரண்டு இந்துக்களுக்கு” நடக்கும் கல்யாணத்துக்கு. சாகும்வரை சாமி கும்பிடாத என் அப்பா எல்லாக் காகிதத்திலும் இந்துவாகவே இருந்தார், அவருக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை. ஆனந்த் சட்டம் வேண்டும் என்று நின்றவர்களோ எங்கள் சடங்கு வேறு, எங்கள் மதம் வேறு என்று சொல்லியே கேட்டார்கள். அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 1898இல், சீக்கிய அறிஞர் கான் சிங் நாபா எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘நாம் இந்துக்கள் அல்ல’. ஒரு இந்துவும் ஒரு சீக்கியரும் வாதம் செய்கிற நடையில் எழுதியது.

“சட்டத்துல அவங்களும் இந்துதானே?” என்று மாமா விடாமல் கேட்டார். இந்த வாதம் நிறையப் பேர் வாயில் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு யார் யாருக்கு அந்தச் சட்டம் என்று பட்டியல் போடுகிறது. (அ)வில் வீரசைவர், லிங்காயத்து, பிரம்ம சமாஜம், பிரார்த்தனை சமாஜம், ஆரிய சமாஜம். இவர்கள் இந்து மதத்தின் ஏதோ ஒரு வடிவத்தைச் சேர்ந்தவர்கள். (ஆ)வில் பௌத்தர், சமணர், சீக்கியர். இங்கே வாசகம் மாறிவிடுகிறது: “மதத்தால்” பௌத்தராகவோ சமணராகவோ சீக்கியராகவோ இருப்பவர். நாடாளுமன்றம் இரண்டு கூட்டத்தையும் ஒரே கூடையில் போட்டாலும் இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. லிங்காயத்துக்களைச் சேர்த்த வரியில் சீக்கியரைச் சேர்க்கவே இல்லை.

அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு இன்னும் வேடிக்கை. அதன் முதல் விளக்கம், கிர்பான் என்கிற குறுவாள் அணிவது “சீக்கிய மதத்தை”க் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்கிறது. இரண்டாவது விளக்கம், இந்து என்று வருகிற இடத்தில் சீக்கிய, சமண, பௌத்த மதங்களைக் கடைப்பிடிப்பவர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறது. இதை வைத்துச் சீக்கியம் மதமில்லை என்று வாதிடுகிறவர்கள், அதே வரியில் பௌத்தமும் இருப்பதைக் கண்டுகொள்வதில்லை. பௌத்தம் மதமில்லை என்று கண்டியில் போய் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

அந்த இரண்டாவது விளக்கம் எதற்கு வந்தது என்றால் கோவில் நுழைவுக்கு. பொதுவான இந்துக் கோவில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம், அந்த அதிகாரம் இந்த நான்கு பேருடைய கோவில்களுக்கும் பொருந்தும். அவ்வளவுதான் அதன் வேலை. நான்கு திசையிலும் வாசல் வைத்த பொற்கோவிலுக்கு இது எதற்கு என்று பாஜி கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் முழு நியாயம் இல்லை. 1920 அக்டோபரில் புதிதாகச் சீக்கியரான தலித்துகள் பொற்கோவிலுக்குக் கொண்டுபோன பிரசாதத்தைப் பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். அந்தச் சண்டையில்தான் கோவில் நிர்வாகமே கை மாறியது. இன்றைக்கும் பஞ்சாபில் பல ஊர்களில் நிலவுடைமைச் சாதியான ஜாட்டுகளுக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளான மஸ்பி சீக்கியர்களுக்கு ஒரு குருத்வாரா. சாதி இருப்பதால் இந்துக்கள்தானே என்று மாமா பிடித்துக்கொள்வார் என்று தெரியும். சாதி தமிழ்நாட்டில் தேவாலயத்திலும்தான் இருக்கிறது.

இந்த விளக்கம் சீக்கியர்களுக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் சர்தார் ஹுக்கம் சிங், சீக்கியர்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை. பின்னாளில் அவரே மக்களவை சபாநாயகரானார். 1984 பிப்ரவரியில் அகாலி தளத் தலைவர் பிரகாஷ் சிங் பாதல் இந்தப் பிரிவின் நகலை எரிக்கும் போராட்டத்தில் கைதானார். அரசியல் சட்டத்தைப் பரிசீலிக்க முன்னாள் தலைமை நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த ஆணையம் 2002இல் கொடுத்த அறிக்கையில், இரண்டாவது விளக்கத்தை எடுத்துவிட்டு அந்த மதங்களின் பெயர்களையே நேரடியாக எழுதிவிடலாம் என்று சொன்னது. யாருக்கும் நஷ்டமில்லாத யோசனை. அப்படியே கிடக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் லங்கர், அதாவது எல்லோருக்கும் பொதுவான குருத்வாரா சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். ரொட்டி போடுகிறவர் வந்தபோது மாமா தட்டை நகர்த்தினார். அவர் போடாமல் நின்றார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், அப்போதுதான் விழும். மாமா ஏந்தி வாங்கினார். (1924இல் வைக்கம் போராட்டத்துக்கு பஞ்சாபிலிருந்து சீக்கியப் போராட்டக்காரர்களான அகாலிகள் வந்து இப்படி ஒரு சமையல்கூடம் நடத்தினார்கள் என்று நான் சொன்னேன். காந்திக்கு அது பிடிக்கவில்லை, மூட வேண்டியதாயிற்று. பெரியார் சிறை போன கதை தெரிந்த மாமாவுக்கு இந்தக் கதை புதிது.)

சாப்பிடும்போது மாமாவின் அடுத்த ஆயுதம் வந்தது. காலையிலிருந்து ஹரி, ராம், கோவிந்த் என்று காதில் விழுந்ததே, அது யார்? உண்மைதான், கிரந்தத்தில் அந்தப் பெயர்கள் நிறைய. ஆனால் அல்லாவும் குதாவும் அதே கிரந்தத்தில் இருக்கிறார்கள். பாபா ஃபரீத் என்ற சூஃபியின் பாட்டு இருக்கிறது, மராத்தி நாமதேவரின் பாட்டு இருக்கிறது, நெசவு செய்த கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், எல்லோரும் இருக்கிறார்கள். ஐந்தாவது குரு அர்ஜன் 1604இல் இதைத் தொகுத்தபோது, தன் பாட்டு ஒன்றில் விரதமும் இல்லை, ரமலானும் இல்லை, நாங்கள் இந்துவும் இல்லை முசல்மானும் இல்லை என்று நேராகவே எழுதி வைத்தார். 400 வருடத்துக்கு முன்பு உட்கார்ந்து எழுதியவருக்குத் தான் யார் என்று தெரியாமலா இருக்கும்?

ஒன்பதாவது குரு தேக் பகதூரையும் இரண்டு பக்கத்தாரும் இழுக்கிறார்கள். காஷ்மீரப் பண்டிதர்களின் பூணூலுக்காக 1675இல் டெல்லியில் தலையைக் கொடுத்தார், ஆகவே அவர் இந்து என்பது ஒரு கட்சி. அந்த வரிசையின் முதல் குருவான நானக், சிறு வயதில் எனக்குப் பூணூல் வேண்டாம், கருணையைப் பஞ்சாக்கித் திருப்தியை நூலாக்கி ஒன்று இருந்தால் போடுங்கள் என்று மறுத்தவர். தான் போடாத நூலுக்காக ஒருவர் உயிரை விட்டார் என்பதில்தான் எனக்கு அந்தக் கதையின் எடையே இருக்கிறது. அவரை இந்து ஆக்கிவிட்டால் கதை பாதியாகிவிடும்.

இனி, என் கட்சிக்கு இடைஞ்சலான விஷயங்கள். அவற்றையும் அந்த வீட்டிலேயே பார்த்தேன்.

பாஜியின் தாத்தா இறந்தபோது சாம்பலை ஹரித்துவாரில் கரைத்திருக்கிறார்கள். அங்கே பண்டாக்கள் என்கிற புரோகிதர்கள் நீள நீளமான பேரேடுகளில் வம்சம் வம்சமாகப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். இந்தக் குடும்பத்தின் பெயரும் ஏதோ ஒரு பேரேட்டில் இருக்கிறது. அப்பா இறந்தபோது சட்லெஜ் கரையில் கீரத்பூர் சாகிபுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு தலைமுறைக்குள் நதியே மாறிவிட்டது. பழைய பஞ்சாபில் மூத்த மகனைக் கேசம் வளர்த்துச் சீக்கியனாக்கி, மற்றவர்களை இந்துவாக விடுகிற குடும்பங்கள் உண்டு. பாஜியின் பாட்டி வந்தது அப்படி ஒரு வீட்டிலிருந்து. பொற்கோவில் பிராகாரத்திலிருந்து விக்கிரகங்களை எடுத்ததே 1905இல்தான். ஆக, சுவர் எழும்பியது சீக்கியச் சீர்திருத்த இயக்கமான சிங் சபா தொடங்கிய 1873லிருந்து குருத்வாரா சட்டம் வந்த 1925வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தில்தான் உறுதிமொழியே வருகிறது: நான் சீக்கியன், குரு கிரந்த் சாகிபை நம்புகிறேன், பத்து குருக்களை நம்புகிறேன், எனக்கு வேறு மதம் இல்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். அது யாரை நோக்கிச் சொன்னது என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் காட்டி, பார்த்தாயா, வெள்ளைக்காரன் காலத்தில் உண்டாக்கியதுதானே என்பார்கள். சுவர் எழும்பியது அப்போது என்பதால் வீடே அப்போது கட்டியது என்று ஆகிவிடாது. 1604இல் புத்தகம், 1699இல் ஆனந்த்பூரில் கால்சா என்கிற தீட்சை பெற்றவர்களின் அமைப்பு, 1708இல் புத்தகமே குரு. பிறகு வந்தவர்கள் செய்தது எல்லையில் வேலி போட்டது. வேலி போட்டதில் சிலர் வெளியே மாட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. முடி வெட்டிக்கொள்கிற சகஜதாரிகளுக்குக் குருத்வாரா தேர்தலில் இருந்த ஓட்டை 2016இல் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. நானக்கைக் கும்பிட்டு, கிரந்தத்தையும் வைத்து, பக்கத்திலேயே சாமி சிலைகளையும் வைக்கிற சிந்திகளுக்கு சில இடங்களில் தகராறு வந்திருக்கிறது. வேலியின் இந்த வேலை எனக்கு உவப்பில்லை.

பிரிட்டனில் ஒரு பையனுடைய டர்பனுக்காக நடந்த வழக்கில் 1983இல் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, சீக்கியர்கள் ஓர் இனக்குழு என்றே தீர்ப்புச் சொன்னது. அங்கே இனப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் இருந்தது, மதப் பாகுபாட்டைத் தடுக்க இல்லை. பையனின் காரியம் நடக்க வேண்டும், அதற்கு ஏற்ற பெட்டி அது. தீர்ப்பை வைத்து மதமா இல்லையா என்று முடிவெடுப்பது அசட்டுத்தனம்.

மறுநாள் பாஜியின் சாயப்பட்டறைக்குப் போயிருந்தோம். அங்கே சாயம் கலக்குகிற மாஸ்டர் பெரிய கெட்டிக்காரர், கலர் கார்டை ஒரு முறை பார்த்தால் போதும். அவர் ரவிதாசியா, அதாவது ரவிதாஸைக் குருவாகக் கும்பிடுகிறவர். 2009இல் வியன்னாவில் அவர்களுடைய குரு ஒருவரைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு, 2010இல் ஜலந்தர் பக்கத்து பல்லான் டேரா என்கிற மடத்தைச் சேர்ந்தவர்கள், இனி எங்கள் மதம் தனி என்று அறிவித்து, ரவிதாஸ் பாட்டுகளை மட்டும் தொகுத்து ‘அம்ரித்பாணி’ என்று தங்களுக்கென்று கிரந்தம் வைத்துக்கொண்டார்கள். மாஸ்டர் வீட்டில் இருப்பது அதுதான்.

“தனி மதமா?” என்று பாஜியிடம் கேட்டேன்.

“சும்மா சொல்றாங்க. அவங்களும் நம்மாளுங்கதான்” என்றார்.

மாமாவுக்கு இந்தி தெரியாது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவருக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னவென்று பாஜி கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்து, பாதியில் யாரோ நூல் லோடு வந்துவிட்டது என்று கூப்பிட எழுந்து போனார்.

மாஸ்டரிடம் உங்கள் பையன் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இந்து என்றார். பட்டியல் சாதிச் சலுகை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டும்தான். 1950 ஆணையில் முதலில் இந்துக்களோடு சீக்கியரில் நான்கு சாதிகள் மட்டும், 1956இல் சீக்கியர் எல்லோருக்கும், 1990இல் பௌத்தருக்கு. நான்காவதாக ஒரு மதத்தின் பெயரைச் சொன்னால் சிக்கல்.

“அப்போ கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?”

வாளியில் இருந்த நேவி ப்ளூவைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “பையனுக்கு பாலிடெக்னிக் சீட்டு கிடைக்கட்டும். அப்புறம் சொல்றேன்.”